போர்டு மூடும் முன் எடுத்த போட்டோதான் உங்கள் பயோடேட்டா

"நீ செஞ்ச வேலையைக் காட்டு, பார்க்கலாம்."

இன்டீரியர் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கேட்டுப் போனாலும் சரி, தனி கான்ட்ராக்ட் பேச ஒரு வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தாலும் சரி, இந்தக் கேள்வி வந்தே தீரும். உடனே எல்லோரும் போனை எடுக்கிறார்கள். கோவ் லைட் எரியும் ஹால், நீல வெளிச்சத்தில் ஒரு பெட்ரூம். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். பெயின்டரும் எடுப்பார், கிரகப்பிரவேசத்துக்கு வந்த விருந்தாளியும் எடுப்பார். விவரம் தெரிந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் தேடுவது போர்டுக்கு மேலே இருக்கும் ஃபிரேமை. தொங்கல் ஸ்லாப்பில் எப்படிப் பிடித்திருக்கிறது, ரீப்பர் எத்தனை இஞ்ச் இடைவெளியில் ஓடுகிறது, ஃபேன் எதில் தொங்குகிறது, ஒயர் பைப்புக்குள் போகிறதா, சும்மா மேலே கிடக்கிறதா? போர்டு மூடிவிட்டால் இதில் ஒன்றும் தெரியாது. மூடுவதற்கு முதல் நாள் எடுத்த பத்துப் படம் உங்களிடம் இருந்தால், மற்ற கேண்டிடேட்டுகள் எவரிடமும் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் என் யோசனை இது. சொந்த வீட்டில் ஒரு ரூமுக்கு மர ஃபிரேம் ஃபால்ஸ் சீலிங்கை நீங்களே போடுங்கள். வாடகை வீடென்றால் உறவினர் வீட்டில் ஒரு ரூமைக் கேட்டு வாங்குங்கள். டிராயிங், கொட்டேஷன், தினசரி போட்டோ, ஸ்நாக் லிஸ்ட் என எல்லாவற்றையும் வெளி கஸ்டமருக்குச் செய்வது போலவே செய்யுங்கள். ஐ.டி.ஐ.யில் ஒரு வருட கார்பென்டர் டிரேடு முடித்தவருக்கும், ஆசாரியிடம் ஹெல்பராகவே ஓடிக்கொண்டிருப்பவருக்கும், டிப்ளமோ சிவில் படித்துவிட்டு சைட்டில் அளவு மட்டும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் அடுத்த படிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஜி.ஐ. இருக்கும்போது மரம் எதற்கு?

இன்டர்வியூவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். நேர்மையான பதிலைத் தயாராக வைத்திருங்கள். சமதளமான ஜிப்சம் சீலிங்குக்கு ஜி.ஐ. சேனல்தான் சரி. கரையான் தொடாது, சுருங்காது, சீக்கிரம் முடியும். இதில் வாதாட ஒன்றுமில்லை. மரம் தேவைப்படும் இடங்கள் வேறு. வெனீர் பேனல், பிளைவுட் கோவ், மர ராஃப்டர் டிசைன், வளைவு, உயரம் குறைவு என்பதால் ஸ்லாப்போடு ஒட்டி பேட்டன் அடிக்க வேண்டிய ரூம். இந்த வேலைகளில் ஆசாரியின் கை வேண்டும். சதுர அடி லாபமும் இங்கேதான்.

ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகாரில் இருந்து வரும் டீம்கள் ஜி.ஐ. வேலையில் கெட்டி. அவர்களோடு வெறும் ரேட்டில் மோதினால் உங்கள் கூலிதான் கரையும். எந்த ரூமுக்கு எது போட வேண்டும் என்று முடிவு சொல்லத் தெரிந்தவராக மாறுங்கள். வேலை குறையும் மாதத்திலும் கம்பெனி அந்த ஆளை விடாது.

1. டேப்பை எடுக்கும் முன் ஸ்லாப்பைப் படியுங்கள்

மேல் மாடியில் பாத்ரூம் இருக்கிறதா? மொட்டை மாடி என்றால் மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது? ஸ்லாப்பில் பழுப்புக் கறையோ உப்புப் பூத்த இடமோ தெரிந்தால், அதைச் சரிசெய்யாமல் ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது. கசிவை மறைக்க சீலிங் போடச் சொல்லும் கஸ்டமர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் போர்டு ஊறித் தொங்கும்போது பழி உங்கள் மேல்தான் விழும்.

அடுத்து உயரம். தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016 வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது, அதாவது 9 அடி. ஏ.சி. அறையில் தரையிலிருந்து ஃபால்ஸ் சீலிங் வரை 2.4 மீட்டராவது இருக்க வேண்டும். ஃபேன் இறக்கைக்கும் தரைக்கும் நடுவே 8 அடி, இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவே 1 அடி இடைவெளி வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். ஸ்லாப் 10 அடியில் இருந்து 6 இஞ்ச் இறக்கினால் சீலிங் 9 அடி 6 இஞ்சில் நிற்கும். ஃபேன் இறக்கை 8 அடி 6 இஞ்சில் சுற்றும், பிரச்சினை இல்லை. ஸ்லாப்பே 9 அடி என்றால் இறக்கை 7 அடி 6 இஞ்சுக்கு வந்துவிடும். அந்த ரூமில் நடுவை விட்டுவிட்டு நான்கு ஓரத்தில் மட்டும் பார்டர் சீலிங் போடுங்கள். இந்தக் கணக்கை கஸ்டமர் முன்னால் அரை நிமிடத்தில் போட்டுக்காட்டுபவர்மேல் உடனே நம்பிக்கை வரும்.

2. பேப்பரில் முதலில் கட்டுங்கள்

10×12 அடி பெட்ரூமை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடி. 6×4 அடி ஜிப்சம் போர்டு ஒன்று 24 சதுர அடி என்பதால் கணக்குப்படி ஐந்து போர்டு போதும். ஜாயின்ட்டை மாற்றி மாற்றி வைக்கவும் வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து ஆறு வாங்குங்கள்.

போர்டின் நீளம் 12 அடி பக்கமாகப் போகட்டும். ரீப்பர் அதற்குக் குறுக்கே, 10 அடி பக்கமாக, 18 இஞ்சுக்கு ஒன்று ஓட வேண்டும். 18 இஞ்சுக்குக் காரணம் உண்டு. 6 அடி என்பது 72 இஞ்ச். 18 ஆல் சரியாக நான்கு பங்காகிறது. அதனால் போர்டின் நுனி எப்போதும் ஒரு ரீப்பரின் நடுவில் வந்து நிற்கும். 8 அடி போர்டு வாங்கினால் இந்தக் கணக்கு உதைக்கும். அதற்கு 16 இஞ்ச் இடைவெளி எடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஃபிரேம் அடித்துவிட்டு, போர்டு நுனி அந்தரத்தில் நிற்பதைப் பார்த்த பிறகு மேலே துண்டுக் கட்டை ஒட்டுகிற சைட்டுகள் ஏராளம். சீலிங்கில் நேர்கோடாக விரிசல் விழுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

மரக் கணக்கு இப்படி வரும். சுவர் ஓரம் சுற்றி 44 அடியும், நீளவாக்கில் இரண்டு மெயின் கட்டைக்கு 24 அடியும் 2×2. குறுக்கு ரீப்பர் ஏழு வரிக்கு 70 அடியும், போர்டின் நீள ஜாயின்ட்டுகளுக்கு மேலே துண்டுக் கட்டைக்கு 24 அடியும் 2×1. ஒரு கன அடி மரத்தில் 2×1 ரீப்பர் 72 அடி கிடைக்கும், 2×2 என்றால் 36 அடி. ஆக மொத்தம் 3.2 கன அடி. பத்து சதவீதம் சேதம் சேர்த்து மூன்றரை. டிம்பர் டிப்போவில் நின்று இதைச் சொல்லத் தெரிந்தால் கடைக்காரர் உங்களிடம் பேசும் தோரணையே மாறும். அதைவிட முக்கியம், மிச்ச மரம் உங்கள் லாபத்தைத் தின்னாது.

டிராயிங்கில் லைட், ஃபேன், ஏ.சி. எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். ஸ்பாட் லைட் ஓட்டை ரீப்பர் மேல் விழுந்தால் எலெக்ட்ரீஷியன் ரீப்பரை அறுத்துவிட்டுப் போய்விடுவார். அறுத்தது அவரானாலும் ஃபிரேம் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

3. மரம் வாங்கும் இடத்தில் கறாராக இருங்கள்

ஈர மரம்தான் இந்த வேலைக்கு முதல் எதிரி. இன்று நேராக இருக்கும் பச்சை ரீப்பர், ஃபேன் காற்றிலும் ஏ.சி.யிலும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். அதோடு போர்டு ஜாயின்ட்டும் பிளக்கும். கில்னில் உலர்த்திய பைன் மரம் கிடைத்தால் எடுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். மாய்ஸ்சர் மீட்டர் சின்னக் கருவி, சொந்தமாக வாங்கிவிடுங்கள். கடையில் நான்கைந்து கட்டையில் அதை வைத்துப் பார்ப்பவரிடம் யாரும் பச்சை மரத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். ஒவ்வொரு கட்டையையும் கண்ணுக்கு நேரே நீளவாக்கில் பிடித்துப் பாருங்கள். வளைவு, பெரிய முடிச்சு, துளை இருந்தால் ஒதுக்குங்கள்.

வாங்கியதும் அடிக்காதீர்கள். எந்த ரூமில் போடப்போகிறீர்களோ அந்த ரூமிலேயே இடைவெளி விட்டு அடுக்கி ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குள் கரையான் மருந்து அடிக்கும் வேலையை முடித்துவிடலாம். நான்கு முகமும் நனைய வேண்டும். அறுத்த பிறகு அறுத்த முனைகளுக்கு மறுபடியும் மருந்து வேண்டும். பலர் விடுவது இதைத்தான். கரையான் சுவர் வழியாக ஏறிவந்து நுழைவதும் அந்த முனை வழியாகத்தான். மருந்து அடிக்கும் நேரத்தில் கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

பிளைவுட் வாங்கும்போது முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கு, ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட், ஐ.எஸ். 5509 தீ தாங்கும் பிளைவுட். ஜிப்சம் போர்டுக்கு ஐ.எஸ். 2095. நான்கே எண்கள். மனப்பாடம் செய்துகொண்டால் ஆர்க்கிடெக்ட் மீட்டிங்கில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

4. மட்டம்

தரையிலிருந்து அளக்காதீர்கள், தரை சரிந்திருக்கும். ஸ்லாப்பிலிருந்தும் அளக்காதீர்கள், அது நடுவில் தொய்ந்திருக்கும். டியூப் லெவலோ லேசரோ வைத்து நான்கு சுவரிலும் இடுப்புக்கு மேலே ஒரே மட்டக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து மேலே அளந்து சீலிங் கோட்டைக் குறியுங்கள். வாடகை லேசர் என்றால் முதலில் டியூப் லெவலோடு ஒத்துப்பாருங்கள். பிறகு சாக் நூல் அடித்துவிடுங்கள். ரசமட்டம் கடைசியில் ஒவ்வொரு கட்டையையும் சரிபார்க்க மட்டும்.

5. தொங்கல்: இங்கே சிக்கனம் வேண்டாம்

12.5 மிமீ ஜிப்சம் போர்டு ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ. இந்த ரூமில் போர்டு மட்டும் சுமார் 100 கிலோ. மரத்தையும் சேர்த்தால் தூங்குகிறவர் தலைக்கு மேல் 140 கிலோ தொங்குகிறது. அதன் கீழே ஒரு குழந்தை படுத்திருக்கும் என்ற நினைப்போடு ஒவ்வொரு தொங்கலையும் முடுக்குங்கள்.

ஸ்லாப்பில் ஓட்டை போட்டு மரக்கட்டை ஆப்பை இறுக்கி, அதில் ஆணி அடிக்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். ஆப்பு காய்ந்து சுருங்கினால் பிடிப்பு போய்விடும். ஸ்லாப்புக்கு மெட்டல் ஆங்கர் ஃபாஸ்னரும் எல் கிளீட்டும். கிளீட்டோடு தொங்கல் கட்டையைப் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள். கீழிருந்து மேலாக அடித்த ஆணி பாரத்தில் மெல்ல வழுகி இறங்கும். பக்கவாட்டு ஸ்க்ரூ அப்படி உருவாது. மெயின் கட்டையில் 3 அடிக்கு ஒரு தொங்கல் போதும். முதல் தொங்கல் போட்டதும் அதைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் வேறு இடத்தில் புது ஓட்டை.

ஓட்டை போடும் முன், ஃபேன் பாக்ஸையும் லைட் பாயின்ட்டையும் சுற்றி ஸ்லாப்புக்குள் ஒயரிங் பைப் ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பைப் போகும் திசையை எலெக்ட்ரீஷியனோடு நின்று சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு டிரில்லைத் தூக்குங்கள். கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் தலைக்கு மேல் டிரில் போடக் கூடாது. ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து ஏறும் ஆளை எந்த நல்ல கம்பெனியும் சூப்பர்வைசர் ஆக்காது. சாரம் கட்டுங்கள்.

மெயின் கட்டைக்குக் கீழே குறுக்கு ரீப்பர், 2 இஞ்ச் முகம் கீழே பார்க்கும்படி. அப்போதுதான் ஜாயின்ட்டில் இரண்டு போர்டுக்கும் தலா ஒரு இஞ்ச் பிடிப்பு கிடைக்கும். ஃபேன் ஸ்லாப் கொக்கியிலேயே தொங்க வேண்டும். ராடை நீளமாக்குங்கள், ஃபிரேமில் மாட்டாதீர்கள். சாண்டிலியருக்கும் அப்படித்தான்.

6. இப்போது போட்டோ

ஒயர் முழுவதும் பி.வி.சி. பைப்பில் இருக்கட்டும். மரம் எரியும் பொருள். ஒயர் ஜாயின்ட்டை மேலே ஒளித்துவைப்பது உயிரோடு விளையாடுவது. எல்.இ.டி. டிரைவர் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு சர்வீஸ் கதவு விடுங்கள். ஏ.சி. டிரெயின் பைப் சாய்வை ஒரு மக் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

பிறகு படம் எடுங்கள். நான்கு மூலையிலிருந்து நான்கு. டேப்பை ரீப்பரில் நீட்டிப் பிடித்து, 18, 36, 54 எண்கள் படிக்கும்படி ஒன்று. ஒரு தொங்கல், மிக நெருக்கத்தில். ஃபேன் கொக்கி. அறுத்த முனையில் மருந்துக் கறை. மாய்ஸ்சர் மீட்டரின் எண். வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருக்கட்டும், ஃபில்டர் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி தமிழில் எழுதிச் சேமியுங்கள்.

7. போர்டு, பட்டி, ஓரம்

மரத்துக்கு அகலப் புரியுள்ள டிரைவால் ஸ்க்ரூ, 35 மிமீ. ஜி.ஐ.க்குப் போடும் 25 மிமீ நெருக்கப் புரி ஸ்க்ரூவைக் கையில் இருக்கிறதே என்று அடிக்காதீர்கள். மரத்துக்குள் அரை இஞ்ச்தான் இறங்கும். நடுவில் 9 இஞ்சுக்கு ஒன்று, போர்டு நுனிகளில் 6 இஞ்சுக்கு ஒன்று. தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகப் பதிய வேண்டும். போர்டு தூக்க இரண்டு பேரும் ஒரு டி முட்டும் தேவை. ஜாயின்ட்டில் டேப், அதன்மேல் காம்பவுண்ட் மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. இதில் அவசரப்படுத்தும் வீட்டுக்காரரைப் பொறுமையாகச் சமாளிப்பதும் இந்தத் தொழிலில் ஒரு ஸ்கில்தான்.

சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் பட்டி இழுத்து ஒட்டாமல், 10 மிமீ க்ரூவ் விடுங்கள். மரம் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அந்த அசைவு க்ரூவுக்குள் மறைந்துவிடும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

பணமும் பேச்சும்

உங்கள் வீட்டு வேலைக்கும் ஒரு கொட்டேஷன் எழுதுங்கள். மெட்டீரியல், லேபர், வண்டிக் கூலி, சேதம், டூல் தேய்மானம், லாபம் ஆறும் தனித்தனி வரியில். உங்கள் நாள் கூலியை பூஜ்யம் என்று போடாதீர்கள். அந்தப் பழக்கம் நாளை கஸ்டமர் வேலையிலும் தொடரும். சமதளத்தைச் சதுர அடியிலும், கோவின் செங்குத்து முகத்தை ரன்னிங் அடியிலும் அளப்பதாக முன்பே எழுதிவிடுங்கள். ஃபேன், லைட் ஓட்டைக்குக் கழிவு உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். பில் தகராறு பாதிக்கு மேல் இந்த இரண்டு வரி இல்லாததால் வருவதுதான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்; அந்த நாள் வரும் என்று நம்பி இன்றே பில் புத்தகம் போடுங்கள்.

அளவு மொழி இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆசாரி நூலில் பேசுவார், ஆர்க்கிடெக்ட் மில்லிமீட்டரில். இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். "மூன்று நூல் ஏற்றணும்" என்று மேலே நிற்பவரிடமும், "9.5 மிமீ கரெக்ஷன் செய்துட்டோம் சார்" என்று ஆர்க்கிடெக்ட்டிடமும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவருக்குத்தான் சூப்பர்வைசர் நாற்காலி.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யவில்லையா? 18 முதல் 60 வயது வரை பதியலாம், தச்சு வேலையும் அதில் அடக்கம். விபத்து உதவியும் பிள்ளைகளின் படிப்பு உதவியும் உங்கள் உழைப்புக்கு உரியவை. சாரத்தில் ஏறும் தொழில் இது, தள்ளிப்போடாதீர்கள்.

வெளியே முதல் வேலை கிடைத்ததும் தரைக்கு பாலித்தீன் ஷீட் விரியுங்கள், தினமும் மாலை பெருக்குங்கள், ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் அன்றைய படம் மூன்று அனுப்புங்கள். அட்வான்ஸ் வாங்கிவிட்டு போனை எடுக்காத ஆட்களைப் பார்த்து நொந்தவர்கள் வீட்டுக்காரர்கள். போனை எடுப்பதே பாதி மார்க்கெட்டிங். ஹேண்ட்ஓவர் அன்று பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, மேடுபள்ளத்தை நீங்களே தேடி ஸ்நாக் லிஸ்ட்டில் எழுதுங்கள். கஸ்டமர் கண்டுபிடித்தால் அது குறை. நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அது குவாலிட்டி செக்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகு நீங்களாகவே போன் செய்து, "ஜாயின்ட் ஒரு தடவை பார்த்துத் தரேன் சார், சார்ஜ் இல்லை" என்று சொல்லுங்கள். போகும்போது பையில் பட்டி பிளேடு, கொஞ்சம் காம்பவுண்ட், அந்த வீட்டு பெயின்ட் ஷேடின் நம்பர் இருக்கட்டும். பக்கத்து ஃபிளாட்டில் வேலை ஆரம்பிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.